இலைக்கூரையின் மேல் ஒரு சங்கமம்

படகின் ஓரத்தில் குனிந்து கறுப்புத் தண்ணீரில் கையை விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. படகோட்டி எஞ்சினைத் தணித்து, படகை இன்னும் பத்தடி நகர்த்தினார். கையை நான் எடுக்கவில்லை, தண்ணீர்தான் மாறிவிட்டது. ஆழக் கிணற்றில் மொண்ட நீர்போல விரல்கள் சில்லிட்டன. நிமிர்ந்து பார்த்தால் படகுக்கு அந்தப் பக்கம் கடுங்காப்பி நிறத்தில் ஓர் ஆறு, இந்தப் பக்கம் வண்டல் கரைத்த பழுப்பில் இன்னோர் ஆறு. நடுவே ஓர் எல்லைக்கோடு.

பிரேசில் நாட்டின் மனாவுஸ் நகரத்தை ஒட்டி, ரியோ நெக்ரோவும் சொலிமோயிஸும் சந்திக்கும் இடம் இது. நெக்ரோ காட்டுச் சருகுகளின் சாறு ஊறிக் கறுத்த ஆறு. சுமார் 28 டிகிரி வெப்பத்தில், மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் சோம்பலாக வருகிறது. சொலிமோயிஸ் ஆண்டிஸ் மலையின் மண்ணைச் சுமந்துகொண்டு, 22 டிகிரி குளிர்ச்சியில், மணிக்கு 4 முதல் 6 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வேகமும் குளிர்ச்சியும் அடர்த்தியும் வேறுவேறு என்பதால் இரண்டும் சட்டென்று கலப்பதில்லை. ஆறு கிலோமீட்டர் தூரம் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஓடுகின்றன.

மற்றப் படகுகளில் வந்தவர்கள் அந்தக் கோட்டைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். என்னை அழைத்து வந்த ஆய்வாளர் மட்டும் படகை நிறுத்தச் சொன்னார். காட்டின் மேல் வீசும் காற்றை அளப்பது அவருடைய வேலை. "கோட்டின் விளிம்பைப் பாருங்கள், அது நேராக இருக்கிறதா?" என்று கேட்டார்.

நேராக இல்லை. பழுப்பு நீர் கறுப்புக்குள் நாக்கை நீட்டி, நீட்டிய நாக்கைச் சுருட்டி, சுருளுக்குள் கறுப்பையும் இழுத்துக்கொண்டு உருண்டது. கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு சுருள், அதற்கப்பால் மற்றொன்று. கோயில் வாசலின் மகர தோரணத்தில் மகரத்தின் வால் சுருள்சுருளாக விரியுமே, அதே வடிவம் தண்ணீரில் உயிரோடு நகர்ந்தது. ஒவ்வொரு சுருளும் தன் பங்குக்குக் கொஞ்சம் கறுப்பைப் பழுப்போடு பிசைந்துவிட்டுக் கலைந்தது. அந்தச் சுழிகள் இல்லாவிட்டால் இந்த இரண்டு ஆறுகளும் கலப்பதற்கு வேறு நல்ல வழியே கிடையாது.

"இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாளை மறுநாள் இதையே மரங்களின் மேல் காட்டுகிறேன்" என்றார்.

*

மனாவுஸிலிருந்து பி.ஆர்.-174 நெடுஞ்சாலை வடக்கே போகிறது. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனதும் பிரசிடென்ட்டி ஃபிகெய்ரெடு என்ற ஊர். அங்கிருந்து பிரியும் சாலை பல்பினா அணைக்குப் போகிறது. உவாத்துமா ஆற்றின் குறுக்கே 1980களின் கடைசியில் எழுந்த அணை இது. 250 மெகாவாட் மின்சாரத்துக்காக 2,300 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான காட்டைத் தண்ணீரில் மூழ்கடித்தார்கள். மரங்களை வெட்டி எடுக்காமலே மூழ்கடித்ததால், செத்த மரங்கள் முப்பது ஆண்டுக்கு மேலாகியும் ஏரிக்குள் நின்றுகொண்டிருக்கின்றன. இலையில்லை, பட்டையில்லை, வெளுத்த கழிகளாக அடிவானம் வரை. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. இவ்வளவு கொஞ்சம் மின்சாரத்துக்கு இவ்வளவு பெரிய காட்டைக் கொடுத்திருக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

அணைக்குக் கீழே வேகப் படகில் ஏறினோம். கறுப்பு நீரின் இரு கரையிலும், ஆண்டில் பல மாதம் தண்ணீரில் நிற்கும் காடு. 'இகப்போ' என்கிறார்கள். பிறகு கரையேறி, சேற்றுப் பாதையில் வண்டி மேடேறியது. வழியில் ஓர் இடத்தில் நிறுத்தி ஒரு மரத்தைக் காட்டினார்கள். காட்டு ரப்பர் மரம். என் பாட்டியின் அண்ணன் மலாயாவில் பால்மரம் வெட்டப் போய் அங்கேயே மண்ணானவர். எங்கள் வீட்டில் அவர் ஒரு புகைப்படமாக மட்டும் இருந்தார். 1876இல் ஹென்றி விக்கம் இந்த ஆற்றுநாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போயின. அந்தத் தோட்டங்களில் தமிழர்களின் கை ஓடத் தொடங்கியதும் மனாவுஸின் ரப்பர் செல்வம் சரிந்தது. அந்த மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சற்று நின்றேன். பிறகு வண்டி கிளம்பியது.

ஆய்வாளர்களின் முகாம் என்பது தகரக் கூரையும் வரிசையாகக் கட்டிய ஏணைகளும்தான். இரவுச் சாப்பாடு ஆற்று மீனும் வறுத்த மரவள்ளி மாவும். சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு வரும் கிழங்கு புறப்பட்ட கண்டம் இதுதான் என்பதால் அந்த மாவின் வாசனை எனக்குப் புதிதாக இல்லை.

*

மறுநாள் உச்சி வெயில் நேரத்தில் காட்டுக்குள் நடந்தோம். நடந்த எவருக்கும் முதலில் உறைப்பது, காற்று என்பதே அங்கே இல்லை என்பது. ஓர் இலைகூட அசையவில்லை. வியர்வை காயவில்லை. ஆனால் தலைக்கு மேலே, சராசரி 37 மீட்டர் உயரத்தில், காட்டின் கூரை இரைந்துகொண்டிருந்தது. கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி நின்றால் கேட்குமே, அந்த இரைச்சல். ஓர் அலை வந்து போகும், ஓய்வு, பிறகு அடுத்த அலை.

வெயில் நேரத்தில் இந்தக் காடு தலைகீழாக நடந்துகொள்கிறது. நம் ஊர்ப் பொட்டலில் சூடாவது தரை. தரைக் காற்று இலேசாகி மேலே கிளம்பும். இங்கே வெயில் தரைக்கு வருவதேயில்லை. உச்சி இலைகள் அதை வாங்கிக்கொள்கின்றன. கூரை சூடு, அடி குளிர்ச்சி. குளிர்ந்த கனமான காற்று கீழேயே படுத்துக்கிடக்கிறது. எழுந்து போக அதற்குக் காரணம் எதுவும் இல்லை. இரவில் இது புரண்டுவிடும். உச்சி இலைகள் வானத்தைப் பார்த்துக் குளிர்கின்றன. குளிர்ந்த காற்று மரங்களுக்கிடையே மெதுவாக இறங்கி உள்ளே புரள்கிறது. ஆனால் கூரைக்கு மேலே குளிர்ந்து தங்கிய அடுக்கு மூடியைப்போல் அமர்ந்துகொள்கிறது. பகலில் தரை அடைபட்டிருக்கிறது. இரவில் காடு முழுவதுமே அடைபட்டுவிடுகிறது.

அப்படியானால் இந்தக் காடு எப்போது, எதன் வழியாக மூச்சு விடுகிறது? நான் இவ்வளவு தூரம் வந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

காற்றை அளப்பதற்காகக் காட்டுக்குள் நிறுத்திய கோபுரங்களில், முதலில் 80 மீட்டர் கோபுரத்தில் ஏறினோம். இடுப்பிலும் தோளிலும் பட்டை மாட்டி, கொக்கியைக் கம்பியில் கோத்துக்கொண்டு ஏற வேண்டும். முப்பது மீட்டர் வரை அதே புழுக்கம். கிளைகளுக்குள் தலை நுழைந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. இன்னும் சில படிகள். இலைகள் விலகி, வானம் திறந்து, கிழக்கிலிருந்து காற்று நெஞ்சில் மோதியது. ஆறேழு மீட்டர் உயரத்துக்குள் காற்று இல்லாத உலகமும் காற்றே ஆன உலகமும். படகில் பத்தடிக்குள் கை இரண்டு ஆறுகளைத் தொட்டது நினைவுக்கு வந்தது.

"அதேதான்" என்றார் ஆய்வாளர். கூரைக்கு மேலே வேகமாக ஓடும் காற்று ஓர் ஆறு; கிளைகளும் இலைகளும் இழுத்துப் பிடிப்பதால் உள்ளே ஊர்ந்துகொண்டிருக்கும் காற்று மற்றோர் ஆறு. இரண்டும் உரசும் கோடு மர உச்சி. உரசலில் பிறக்கும் சுழிகள்தான் காட்டின் மூச்சு. ஆஸ்திரேலியாவின் ரௌபாக், ஃபினிகன், பிரான்ஸின் புருனே ஆகிய மூவரும் 1996இல் இதைத் தெளிவாக எழுதினார்கள்: காட்டின் மேல் வீசும் காற்று, தரையைத் தேய்த்துக்கொண்டு போகும் காற்றைப்போல் நடந்துகொள்வதில்லை, பக்கம்பக்கமாக ஓடும் இரண்டு நீரோட்டங்களைப்போல் நடந்துகொள்கிறது. அதற்கும் நாற்பது ஆண்டு முன்பே, 1955இல், ஜப்பானில் இனோவே என்பவர் பயிரின் மேல் காற்று அலையலையாக ஓடுவதை ஆராய்ந்தார். அதற்கு ஜப்பானிய மொழியில் 'ஹொனாமி' என்று ஒரு சொல்லே இருக்கிறது. கதிரலை என்று சொல்லலாம். தை மாதத்தில் காவிரிக் கரையில் பேருந்து சன்னல் வழியே அதை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன்! நெல் சாய்ந்து நிமிர்ந்து, அந்தச் சாய்வு வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடும். பயிருக்குப் பயிரின் உயரத்துக்கு ஏற்ற சுழி, காட்டுக்குக் காட்டின் உயரத்துக்கு ஏற்ற சுழி. வடிவம் ஒன்றுதான்.

கோபுரத்தின் ஒரு கைமரத்தில் மூன்று சோடி உலோக விரல்கள் ஒன்றையொன்று பார்த்து வளைந்திருந்தன. எதிரெதிர் விரல்கள் காதுக்குக் கேட்காத ஒலியை மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்கின்றன. காற்று போகும் திசையில் ஒலி சற்று முன்னால் வந்து சேரும், எதிர்த்திசையில் சற்றுத் தாமதமாகும். அந்த நுண்ணிய வித்தியாசத்திலிருந்து காற்றின் வேகம் மூன்று திசையிலும் கிடைத்துவிடுகிறது, ஒரு விநாடிக்குப் பத்து முறை. பக்கத்திலேயே இன்னொரு கருவி அதே வேகத்தில் கரியமில வாயுவையும் நீராவியையும் அளக்கிறது.

கணக்கை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. சந்தை வாசலில் நிற்கிறோம். உள்ளே எத்தனை பேர் போனார்கள், வெளியே எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணினால் இரண்டும் சமம். சந்தையில் என்ன விற்றது என்று அதில் தெரியாது. உள்ளே போனவர்களின் கூடையில் என்ன இருந்தது, வெளியே வந்தவர்களின் கூடையில் என்ன இருந்தது என்று பார்த்தால்தான் வியாபாரம் தெரியும். அரை மணி நேரத்தில் மேலேறும் காற்றும் கீழிறங்கும் காற்றும் ஏறக்குறைய ஈடாகிவிடும். ஆனால் பகலில் கீழிறங்கும் காற்றில் கரியமிலம் சற்று அதிகம், மேலேறும் காற்றில் சற்றுக் குறைவு. அந்த வித்தியாசம்தான் காடு அன்றைக்குச் சாப்பிட்ட சாப்பாடு. நீராவிக்கு நேர்மாறு: ஏறும் கூடை நிறைந்திருக்கும், இறங்கும் கூடை காலி.

அவர் கையிலிருந்த திரையில் வெப்பத்தின் கோடு ஓடிக்கொண்டிருந்தது. ரம்பத்தின் பல்போல் இருந்தது. மெல்ல ஏறுகிறது, ஏறிக்கொண்டே போகிறது, திடீரென்று செங்குத்தாக விழுகிறது. மறுபடியும் மெல்ல ஏறுகிறது. "கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள்" என்றார். நின்றேன். காற்று தணிந்தது. கீழேயிருந்து இலைகளின் வெக்கையும் ஈரமும் கழுத்தருகே திரண்டு வந்தன. அரை நிமிடமோ ஒரு நிமிடமோ, அது கூடிக்கொண்டே போனது. பிறகு எங்கிருந்தோ ஒரு வீச்சு; மேலிருந்து கீழ்நோக்கி, குளிர்ச்சியாக, தள்ளுகிற வேகத்தோடு. கழுத்து வியர்வை ஒரு கணத்தில் காய்ந்தது. கீழே மர உச்சிகள் சாய்ந்தன. அந்தச் சாய்வு மேற்கு நோக்கி மரத்துக்கு மரம் ஓடியது. கண்ணைத் திறந்தபோது திரையில் அடுத்த பல் விழுந்திருந்தது.

இப்படியொரு சுழியை என் தோலால் அறிந்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது. காடு மூச்சு விடுகிறது என்று நாம் சொல்லும்போது சீரான, ஓயாத ஒரு மூச்சை நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. வெகுநேரம் ஒன்றுமே நடக்காமல் இருந்து, பிறகு சில நொடிகளில் பெரும்பகுதிக் கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடுகிறது. நூற்றில் சில பங்கு நேரமே இருக்கும் அந்த வீச்சுகள்தான் பெரும் பாரத்தைச் சுமக்கின்றன. அவையும் பெரும்பாலும் கூரையின் மேற்பாதியோடு நின்றுவிடுகின்றன. தரைவரை இறங்குவது அரிது. சற்று முன்பு நான் கீழே புழுங்கிக்கொண்டு நின்றது அதனால்தான்.

இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. தரைக்கு அருகே காற்று எப்படிக் கொந்தளிக்கும் என்று உலகமெங்கும் பயன்படும் விதி, சோவியத் அறிஞர்கள் மோனினும் ஒபுகோவும் 1954இல் வகுத்தது. அதற்கு எண்கள் கிடைத்தது முக்கியமாக 1968இல், அமெரிக்காவின் கான்சாஸில், கோதுமை அறுத்த தாள் நின்ற தட்டையான ஒரு நிலத்தில். மிக நேர்த்தியான வேலை. ஆனால் காட்டுக்கு மேலே, மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு உயரம் வரை, அந்த விதி சரியாக நிற்பதில்லை; விதி சொல்வதைவிட அதிகமாகவே காற்று கலக்கிறது. 80 மீட்டர் கோபுரத்தின் உச்சிகூட அந்த அடுக்குக்குள்தான் இருக்கிறது. அதைத் தாண்டி நின்று பார்க்க வேண்டும் என்பதும், மிகப் பெரிய பரப்பின் காற்றை ஒரே இடத்தில் பிடிக்க வேண்டும் என்பதும் சேர்ந்துதான், சற்றுத் தள்ளி நிற்கும் அந்த 325 மீட்டர் கோபுரத்தைக் கட்ட வைத்தன. பிரேசிலின் தேசிய அமேசான் ஆராய்ச்சி நிறுவனமும் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களும் சேர்ந்து எழுப்பிய இது 2015 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு உயரம். செம்மஞ்சளும் வெள்ளையும் பூசிய ஒல்லியான இரும்புக் கூடு, நாலாபுறமும் இழுத்துக் கட்டிய கம்பிகளோடு, காட்டுக்குள்ளிருந்து நேரே வானத்துக்குள் போகிறது.

*

அன்றிரவு ஆய்வாளர் என்னை மேட்டின் விளிம்புக்கு அழைத்துப்போனார். வரைபடத்தில் பச்சைச் சமவெளியாகத் தெரியும் இந்த நாடு உண்மையில் சமவெளி அன்று. தட்டையான மேடுகள், அவற்றைக் கிளைகிளையாக அறுத்துச் செல்லும் ஓடைப் பள்ளங்கள். மரங்கள் பள்ளத்தையும் மேட்டையும் சேர்த்துப் போர்த்திவிடுவதால் மேலிருந்து பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

டார்ச்சை ஏற்றி, என்னிடமிருந்த முகப் பவுடரைக் கேட்டு வாங்கி, ஒரு சிட்டிகை ஒளியில் தூவினார். தூள் தொங்கியது. விழவும் இல்லை, எழவும் இல்லை. பிறகு, நாம் ஊதினால் போகிற வேகத்தைவிட எவ்வளவோ மெதுவாக, முழுத் திரளும் சரிவுப் பக்கம் நகர்ந்து இருட்டுக்குள் இறங்கியது.

"இதுதான் எங்கள் கணக்கைக் கெடுத்தது" என்றார்.

1990களில் மனாவுஸ் பக்கத்துக் காட்டில் கோபுரக் கருவிகள் காட்டிய வரவு உலகத்தையே வியக்க வைத்தது. ஒரு ஹெக்டேர் காடு ஆண்டுக்கு 6 டன் அளவுக்குக் கார்பனைச் சேமிக்கிறது என்றது ஒரு கணக்கு. அதே காலத்தில் மரங்களின் சுற்றளவை நாடா பிடித்து அளந்தவர்களுக்குக் கிடைத்ததோ ஒரு டன்கூட இல்லை. இரண்டு தரப்புமே கவனமாக அளந்தவர்கள். வித்தியாசம் எங்கே போனது? இரவில் போனது. இரவு முழுவதும் மரமும் மண்ணும் கரியமிலத்தை வெளியிடுகின்றன. காற்றுச் சுழிகள் ஓய்ந்துவிட்டதால் அது மேலே இருக்கும் கருவியை எட்டுவதில்லை. தரையோடு தரையாகச் சரிந்து, ஓடைத் தண்ணீர் போகும் அதே வழியில் பள்ளத்துக்குப் போய்ச் சேர்கிறது. சந்தை வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருக்கும்போது பின்சுவரில் ஒரு திட்டிவாசல் திறந்திருந்தது. பின்னால் வந்தவர்கள் பள்ளங்களிலும் கருவி வைத்துப் பார்த்தார்கள். பள்ளத்துக் காற்றில் கரியமிலம் மேட்டைவிட அதிகமாகத் தேங்கி, இரவில் பத்து லட்சத்தில் 500 பங்கையும் தாண்டுவதுண்டு. அதற்குப் பிறகு காற்று அடங்கிய இரவுகளின் எண்ணை யாரும் அப்படியே நம்புவதில்லை.

இதே இரவு ஓட்டத்தைப் பற்றி அவர் இன்னொன்றும் சொன்னார். காற்றுச் சுழிகள் அடங்கிய சில இரவுகளில், சிறிய கோபுரத்தில் 79 மீட்டர் உயரத்தில் காற்றை உறிஞ்சும் குழாய் மீத்தேனைப் பிடிக்கும்; கீழே இருக்கும் குழாய்களில் அவ்வளவு இருக்காது. காட்டுத் தரையிலிருந்து வந்திருந்தால் கீழேதானே அதிகம் இருக்க வேண்டும்? காற்றின் திசையைப் பின்தொடர்ந்து போனவர்களின் சந்தேகம் தென்கிழக்கே உவாத்துமா ஆற்றங்கரையில், தண்ணீரில் செத்து நிற்கும் மரங்கள் இருக்கும் பகுதியில் போய் நின்றது. கலக்க ஒரு சுழியும் இல்லாததால் அந்த வாயு மெல்லிய தட்டாகக் காட்டின் மேல் மிதந்தே வந்திருக்கிறது. பல்பினாவில் பார்த்த வெளுத்த கழிகள் அன்றிரவு ஏணையில் படுத்த பிறகும் கண்ணுக்குள் நின்றன. ஈர மண்ணும் அழுகிய இலையும் கலந்த ஒரு கனமான வாசனை ஏணையைச் சுற்றித் தேங்கியிருந்தது. எங்கும் போக வழியில்லாத வாசனை.

*

விடியலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பெரிய கோபுரத்தில் ஏறத் தொடங்கினோம். ஏறக்குறைய 1,500 படிகள். தலைவிளக்கின் வட்டத்தில் அடுத்த படி மட்டும் தெரிந்தது. மர உச்சியைக் கடந்தபோதும் காற்று இல்லை. பகலில் நெஞ்சில் மோதிய அதே இடம் இப்போது கிணற்றடிபோல் அமைதி. நூறு மீட்டருக்கு மேல் போன பிறகுதான் கம்பிகள் மெல்ல முனகத் தொடங்கின. இருநூறைத் தாண்டியதும் சட்டை படபடத்தது. மூடிக்கு மேலே காற்று தூங்கவேயில்லை. காடு கீழே அடைபட்டுக்கிடந்த இரவு முழுவதும் அது இங்கே தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

உச்சியில் நின்றபோது கிழக்கு வெளுத்தது. முதலில் கேட்டது குரல்கள். அடிவானத்திலிருந்து உறுமல் குரங்குகளின் கூட்டு ஓலம், தூரத்துப் புயல்போல. பிறகு ஒளி வந்தது, நான் எதற்காக ஏறினேன் என்பது விளங்கியது.

பள்ளங்களெல்லாம் வெள்ளையாக நிறைந்திருந்தன. பகலில் ஒரே பச்சைப் போர்வையாகத் தெரிந்த காட்டில், ஒவ்வோர் ஓடையும் கிளையோடையும் மூடுபனியால் எழுதப்பட்டிருந்தது. நேற்று டார்ச் வெளிச்சத்தில் சரிந்து மறைந்த தூள் எங்கே போனதோ, அங்கே. இரவெல்லாம் சரிந்து தேங்கிய குளிர்ந்த காற்றுக்கு வடிவம் கிடைத்திருந்தது. மேடுகள் கரும்பச்சைத் தீவுகளாக மிதந்தன. காடு ஓர் இரவில் வெளியிட்ட மூச்சை, அது கலைவதற்கு முன்னால், கண்ணால் பார்த்தேன்.

முகத்தில் வீசியது கிழக்குக் காற்று. நம் மொழியில் கீழைக்காற்றுக்கும் மழை மேகத்துக்கும் கொண்டல் என்று ஒரே பெயர். இந்த நாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இருக்காது. அட்லாண்டிக்கிலிருந்து ஈரத்தோடு கிளம்பும் காற்று, மழையாகப் பெய்து, அந்த மழையை மரங்கள் குடித்து, இலை வழியே மறுபடியும் காற்றில் விட்டு, இன்னும் மேற்கே போய் மறுபடியும் பெய்கிறது. இங்கே பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி இப்படிக் காடே திருப்பிக் கொடுத்த நீர் என்பதை 1970களின் கடைசியில் எனேயாஸ் சலாட்டி காட்டினார். நாள் ஒன்றுக்கு 2,000 கோடி டன் நீராவியை இந்த மரங்கள் மேலே அனுப்புகின்றன என்பது அந்தோனியோ நோப்ரேயின் கணக்கு. அமேசான் ஆறு கடலில் கொட்டுவதைவிட அது அதிகம். 'பறக்கும் ஆறுகள்' என்று அதை அழைக்கிறார்கள். அந்த ஆறுகளின் ஒவ்வொரு துளியும், நேற்று என் கழுத்தைக் காயவைத்ததே, அதைப்போன்ற ஒரு சுழியில் ஏறித்தான் இலையை விட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும். ஆண்டின் முதல் மாதங்களில் சகாராவின் தூசிகூடக் கடல் தாண்டி இந்தக் கோபுரத்துக் கருவிகளில் வந்து படிகிறது. அதுவும் காட்டுக்குள் போக வேண்டுமானால் கீழிறங்கும் ஒரு வீச்சுக்குக் காத்திருக்க வேண்டும்.

சூரியன் ஒரு முழம் ஏறியது. ஆய்வாளர் திரையை என் பக்கம் திருப்பினார். சிறிய கோபுரத்தில் 4, 24, 38, 53, 79 மீட்டர் உயரங்களில் இருக்கும் குழாய்களின் கரியமிலக் கோடுகள். இரவெல்லாம் ஒன்றைவிட்டு ஒன்று விலகியே நின்றவை: தரைக்கோடு வெகு உயரத்தில், 79 மீட்டர்க் கோடு வெகு தாழ்வில். உச்சி இலைகள் சூடேறத் தொடங்கியிருந்தன. அடிக்கோடு தள்ளாடியது. மேல்கோடு ஒரு முறை துள்ளி இறங்கியது. மறுபடி துள்ளியது, இறங்கவில்லை.

கீழே, கிழக்குப் பார்த்த ஒரு பள்ளத்தில், பனியின் விளிம்பு சுருண்டது. பழுப்பு ஆறு கறுப்புக்குள் நாக்கை நீட்டிச் சுருட்டியதே, அதே சுருள், வெள்ளையில். ஒன்று, பக்கத்தில் இன்னொன்று. பிறகு பள்ளம் முழுவதுமே மெல்லப் புரளத் தொடங்கியது. வெயில் எட்டாத மேற்குச் சரிவுகளில் பனி அசையாமல் கிடந்தது. ஒவ்வொன்றாக, தன் முறை வந்தபோது, அவையும் அவிழ்ந்தன. நாங்கள் இருவரும் பேசவில்லை.

இறங்கத் தொடங்கினோம். கால்கள் நடுங்கின. மரங்களைப்போல் இருமடங்கு உயரத்தில் ஒரு தட்டில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து வெதுவெதுப்பாக ஒன்று ஏறி வந்து முகத்தைத் தொட்டது. ஈர மண், அழுகிய இலை. நேற்றிரவு ஏணையைச் சுற்றித் தேங்கியிருந்த அதே வாசனை.

அவரும் நிமிர்ந்து முகர்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, சட்டைப் பையிலிருந்த சிறு நோட்டில் நேரத்தை எழுதிக்கொண்டார்: 7.40.